பழி சோற்றின் மீது

ஆடிப்பிறப்புக் கழிந்த மறுநாட் காலையில் நமது சின்னம்மா ஒரு சபதம் செய்துகொண்டார். "இனிமேல் இராவில சோறு தொடமாட்டன்" என்பதே அச்சபதம். சில தினங்களுக்கு முன்னர் அவர் வைத்தியசாலைக்குச் சென்றிருந்தார். அங்கே நிறை பார்த்தபோது முள் 71 கிலோகிராமிலே நின்றது. அவருடைய உயரமோ ஐந்தடி ஓரங்குலம். வயது நாற்பத்தேழு. இரத்தத்திலே சீனியின் அளவு நீரிழிவின் எல்லையை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கின்றதென்றும், நிறையைக் குறைத்தாலன்றி மருந்து தொடங்க நேருமென்றும் வைத்தியர் கூறியனுப்பினாராம்.

"வைத்தியர் சோற்றையா நிறுத்தச் சொன்னவர்?" என்று வினவினோம்.

"சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னவர். சாப்பாடெண்டாச் சோறுதானே தம்பி" என்று விடை வந்தது.

நாம் நகைத்துவிட்டு அப்பாற் போய்விட்டோம். அந்த விடையிலேதான் விஷயம் முழுவதும் அடங்கியிருந்ததென்பதை உணர மூன்று மாதம் சென்றது.

புரட்டாதி பிறந்தது. சின்னம்மா சபதத்திலிருந்து இம்மியும் பிசகவில்லை. இராக் காலத்தில் வீட்டார் சோறும் கறியும் உண்ண, அவர் மாத்திரம் ஒரு புறமாக இருந்து கிறீம் கிறாக்கர் விசுக்கோத்தும் வாழைப்பழமும் உண்டார். இரண்டு மாதத்தின் பின்னர் மறுபடியும் நிறை பார்த்தார்கள். 71 கிலோகிராமும் 400 கிராமும்! சின்னம்மாவின் கண்கள் கலங்கிவிட்டன. "இது என்ர உடம்பின்ர விதி" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குட் சென்றார். அன்றிரவு சோறு உண்டாரா என்பதை நாம் கேட்கவில்லை.

அவருடைய மூத்த மகள் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கின்றவள். விதியென்னும் விளக்கத்தை ஏற்றுக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை. பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றை எடுத்துத் தாயாரின் வாய்க்குட் செல்வன யாவற்றையும் ஏழு நாளைக்கு எழுதுவதென்று தீர்மானித்தாள். கணக்குப் பார்க்கும் பொறுப்பு நம்மைச் சேர்ந்தது.

கொப்பி சொன்ன கதை

முதல் நாட் பக்கத்தைப் பார்த்தவுடனே நமக்கு ஓர் ஐயம் தோன்றியது. காலை எழுந்தவுடன் பால்மா இட்ட தேநீர், சீனி இரண்டு கரண்டி. எட்டு மணிக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும். பத்து மணிக்கு வெறுந்தேநீர், மறுபடியும் சீனி இரண்டு கரண்டி. பகல் ஒரு மணிக்குச் சோறு. மூன்றரைக்குப் பால் தேநீரும், கடையில் வாங்கிய றோல்ஸ் ஒன்றும். ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் வெறுந்தேநீர். ஒன்பது மணிக்கு மாஜரின் பூசிய கிறாக்கர் ஏழு.

தேநீரை மாத்திரம் முதலில் எடுத்துக்கொண்டோம். நாளொன்றுக்கு ஐந்து தடவை. தடவைக்கு இரண்டு கரண்டி சீனி. கரண்டியொன்று சுமார் 5 கிராம் கொள்ளுமெனின், நாளொன்றுக்கு 50 கிராம். ஒரு கிராம் சீனி 4 கலோரி தருவதால் 200 கலோரி. (நாம் உணவு விஷயத்திற் கலோரியென வழங்குவது உண்மையில் கிலோகலோரியேயாம் என்பதை மாணவர்கள் அறிவர்.) இனிப்புப் பண்டமே உண்பதில்லையென்று பெருமையாகச் சொல்பவர் சின்னம்மா. உலக சுகாதார நிறுவனம் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலில், உணவிற் சேர்க்கப்படும் சீனி மொத்தச் சக்தியில் பத்திலொரு பங்கிற்குக் குறைவாக இருத்தல் வேண்டும், இருபதிலொரு பங்கினுள் அடங்கினால் இன்னும் நன்று என்று கூறியிருக்கின்றது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்குப் பத்திலொரு பங்கென்பது 50 கிராமே. சின்னம்மா விசுக்கோத்தைத் தொடுமுன்பே, தேநீர்க் கோப்பையினாலேயே அந்த எல்லையில் வந்து நின்றுவிட்டார்.

அடுத்தது, சோற்றின் இடத்தைப் பிடித்த கிறாக்கர். ஒன்று ஏறக்குறைய 30 கலோரிக்கு மேல் வரும். ஏழு உண்டால் 200ஐத் தாண்டும். மாஜரினையும் கூட்டினால் 300ஐ நெருங்கும். ஒரு கிண்ணம் சோறு சுமார் 200 கலோரி. ஆகவே, சபதத்தினாற் கலோரியிற் குறைந்தது பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் சோற்றுடன் வந்த பருப்பும், முருங்கையிலை வறையும், மீன் துண்டும் முற்றாக மறைந்துபோயின. புரதமும் நார்ப்பொருளும் இல்லாத உணவு வயிற்றில் நெடுநேரம் தங்குவதில்லை. பத்தரை மணிக்குச் சின்னம்மா மறுபடியும் அடுக்களைக்குட் சென்றதாகக் கொப்பியில் ஒரு குறிப்பு இருந்தது. மகள் அதன்கீழ் ஒரு கோடு கிழித்திருந்தாள்.

வெள்ளிக்கிழமைப் பக்கம் நம்மை வியப்பிலாழ்த்தியது. அன்று விரதம். காலையில் ஆகாரமில்லை, தேநீர் மாத்திரம். பகலில் சைவச் சாப்பாடு: சோறு, மூன்று கறி, பொரித்த வாழைக்காய், அப்பளம், வடை இரண்டு, பாயசம், தயிர். மாலையிற் கோயிலிற் புக்கையும் மோதகமும். வாரம் முழுவதிலும் அதிகமான கலோரி எழுதப்பட்ட நாள் அந்த விரத நாளேயாகும். விரதத்தின் பலனைப் பற்றி நாம் பேச வரவில்லை. அது வேறு கணக்கு. எண்ணெய்ச் சட்டிக்குக் கிழமை தெரியாதென்பதை மாத்திரம் சொல்லிவைக்கிறோம்.

இவையன்றி, கொப்பியில் மூன்று இடத்தில் "தம்பியின் மிச்சம்" என்று எழுதியிருந்தது. இளைய மகன் உண்டு மீதியாக விட்டதைத் தாயார் தமது வாயிலிட்டு முடித்துவிடுவார். அதற்கு எவரும் கலோரி எண்ணுவதில்லை. இந்த மிச்சத்தைப் பற்றிப் பின்னரும் பேச வேண்டியிருக்கின்றது.

சிறு துளிகளின் கணக்கு

நாளொன்றுக்கு இருநூறு கலோரியால் என்ன வந்துவிடுமென்று சிலர் எண்ணலாம். பழைய புத்தகங்களில், 7700 கலோரி மிஞ்சினால் ஒரு கிலோகிராம் கூடும் என்று ஒரு சூத்திரம் காணப்படும். அச்சூத்திரத்தின்படி பார்த்தால் இருநூறு கலோரியைக் குறைத்த ஒருவர் சில ஆண்டுகளிற் காற்றோடு காற்றாகிவிட வேண்டும்! அவ்வாறு நிகழ்வதில்லை, நிறை குறையக் குறைய உடம்பு செலவழிக்கும் சக்தியும் குறைந்துகொண்டே வரும். அமெரிக்காவின் கெவின் ஹால் என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2011 ஆம் ஆண்டில் இதைத் திருத்திக் கணக்கிட்டு, இலகுவானதொரு விதியைத் தந்தனர். நாளாந்த உணவில் நிரந்தரமாக 10 கலோரி மாறினால், காலப்போக்கில் ஏறக்குறைய ஓர் இறாத்தல் நிறை மாறும். அதிற் பாதி சுமார் ஓராண்டிலும், மிகுதியிற் பெரும்பகுதி மூன்றாண்டிலும் வந்துசேரும். இதன்படி தேநீர்ச் சீனி மாத்திரம் இருபது இறாத்தலுக்குப் பொறுப்பாகின்றது. எந்த விருந்தும் செய்யாத வேலையை, ஒருவர் கண்ணுக்கும் புலப்படாத இக்கரண்டி செய்துவிடுகின்றது.

அதே கெவின் ஹால் 2019 ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றொரு பரிசோதனை நமது சின்னம்மாவின் கிறாக்கர் விஷயத்திற்கு நேரடியாகப் பொருந்துவது. மேரிலாந்து மாநிலத்திலுள்ள பெதெஸ்டாவில், தேசிய சுகாதார நிறுவகத்தின் வைத்தியசாலையிலே, இருபது பேர் நான்கு வாரம் தங்கவைக்கப்பட்டனர். இரண்டு வாரம் ஆலைகளிலே பெரிதும் பதனிடப்பட்டுப் பொதியில் வரும் உணவு. மற்றை இரண்டு வாரம் வீட்டடுக்களையிற் சமைப்பதைப்போன்ற இயற்கையுணவு. முன்னே வைக்கப்பட்ட இருவகை உணவிலும் கலோரி, சீனி, கொழுப்பு, உப்பு, நார்ப்பொருள் யாவும் ஒத்த அளவினவாக அமைக்கப்பட்டிருந்தன. வேண்டிய மட்டும் உண்ணுங்கள் என்று மாத்திரம் சொல்லப்பட்டது. முடிவு என்ன? பதனிட்ட உணவு வைக்கப்பட்ட நாட்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி அதிகமாக உண்டனர். இரண்டு வாரத்தில் ஏறக்குறைய 900 கிராம் கூடினர்; இயற்கையுணவு உண்ட இரண்டு வாரத்தில் ஏறக்குறைய அவ்வளவே குறைந்தனர். பதனிட்ட உணவை அவர்கள் வேகமாகவும் உண்டார்களென்பது கவனிக்கப்பட்டது. மென்மையாக அரைத்து, எண்ணெயும் மாவும் கலந்து செய்த பண்டம் பல்லுக்கு வேலை தருவதில்லை. போதுமென்னும் உணர்வு எழுமுன்னரே பொதி வெறுமையாகிவிடும்.

இதை வாசித்த ஒரு நண்பர், "அப்படியாயின் கொழுப்பைக் குறைப்பதா, மாப்பொருளைக் குறைப்பதா?" என்று நம்மை வினவினார். இதுபற்றிப் பல்லாண்டாக நடைபெறும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. ஸ்டான்போர்ட் சர்வகலாசாலையார் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் கொழுப்புக் குறைந்த உணவிலும் மறுபிரிவினரை மாப்பொருள் குறைந்த உணவிலும் ஓராண்டு காலம் வைத்திருந்து 2018 ஆம் ஆண்டில் முடிவு வெளியிட்டனர். முதற் பிரிவினர் சராசரி 5.3 கிலோகிராமும் இரண்டாம் பிரிவினர் 6 கிலோகிராமும் குறைந்தனர், பொருட்படுத்தத்தக்க வேற்றுமையன்று. ஆனால் இரு பிரிவினருக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டவை சில இருந்தன: மரக்கறியை நிறைய உண்ணுங்கள், சீனியையும் தீட்டிய மாவையும் விலக்குங்கள், வீட்டிலே சமையுங்கள் என்பன. வழக்கில் வாதியும் பிரதிவாதியும் சரிக்குச் சரி நின்றதற்குக் காரணம் இதுவாகவும் இருக்கலாமென்பது நமது அபிப்பிராயம்.

மெலிந்த தோற்றமும் மறைந்த கொழுப்பும்

நம்மவருக்கு இவ்விஷயத்தில் ஒரு தனிக் கவலையுண்டு. உடற்றிணிவுச் சுட்டெண் என்பதைக் கிலோகிராமிலுள்ள நிறையை மீற்றரிலுள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறுவர். 25ஐத் தாண்டினால் அதிநிறை, 30ஐத் தாண்டினாற் கொழுத்த உடல் என்பது பொது வழக்கு. ஆனால் ஆசிய மக்களுக்கு ஆபத்து இதற்கு முன்னரே தொடங்கிவிடுகின்றதென்று கண்டு, 23இலும் 27.5இலும் எச்சரிக்கை எல்லைகளை இடலாமென்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004 ஆம் ஆண்டில் ஆலோசனை கூறினர். ஐந்தடி ஓரங்குல உயரமுள்ள பெண்ணுக்கு 23 என்பது ஏறக்குறைய 55 கிலோகிராமாகும். நமது வீடுகளில் அந்நிறையுள்ள பெண்ணைப் பார்த்து, "ஏன் பிள்ளை இப்பிடி மெலிஞ்சு போனாய்?" என்றல்லவா கேட்கிறார்கள்!

இதற்கொரு சுவையான சான்று உண்டு. புனே நகரத்து வைத்தியர் யாஜ்னிக் என்பவரும், இங்கிலாந்தின் வைத்தியர் யூட்கின் என்பவரும் பக்கத்திற் பக்கமாக நின்று எடுத்த புகைப்படமொன்று 2004 ஆம் ஆண்டில் 'லான்செற்' என்னும் வைத்தியச் சஞ்சிகையில் வெளியாயிற்று. இருவருக்கும் சுட்டெண் ஒன்றே: 22.3. ஆயினும் உடலிலுள்ள கொழுப்பு ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9.1; இந்தியருக்கு நூற்றுக்கு 21.2. தராசுக்குத் தெரியாத கொழுப்பை நாம் வயிற்றினுள்ளே சுமந்து திரிகிறோம். ஆகையினாலேதான் ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றரையும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரையும் தாண்டலாகாதென்று நம்மவருக்கு வேறாக அளவு வகுத்திருக்கிறார்கள். தையற்காரரின் அளவு நாடா ஒன்று இதற்குப் போதும்.

இலங்கையில் 2015 ஆம் ஆண்டில் 18 முதல் 69 வயது வரையுள்ளோரிடையே நடத்திய கணக்கெடுப்பில், பத்துப் பேரில் ஏறக்குறைய மூவர் 25 என்னும் எல்லையைத் தாண்டியிருந்தனர். பெண்களை மாத்திரம் எடுத்தால் மூவரில் ஒருவர். அடுத்த ஆண்டிலே நடந்த மற்றொரு கணக்கெடுப்பில், ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்குப் பதினைவர் உயரத்திற்கேற்ற நிறையின்றி மெலிந்திருந்தனர். மெலிந்த குழந்தையும் பருத்த தாயும் ஒரே கூரையின்கீழ் வாழ்வதை நாமே கண்டிருக்கிறோம். உணவு குறைவு, உணவு மிகுதி என்ற இரண்டும் எதிரெதிரான நோய்கள் என்று எண்ணுவது தவறு.

பசியறிந்த கை

இனி மிச்சத்தின் கதைக்கு வருவோம்.

கணக்கையெல்லாம் காட்டிய அன்று, சீனியைக் குறைக்கச் சின்னம்மா உடனே இசைந்தார். றோல்ஸையும் விட்டுவிடுவதாகச் சொன்னார். பிள்ளையின் கோப்பையில் மிஞ்சியதை உண்ணவேண்டாமென்றபோது மாத்திரம் அவர் முகம் மாறியது. "எறியச் சொல்லுறியளோ?" என்றார். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை.

1995 ஆம் ஆண்டு ஐப்பசியில், வலிகாமம் முழுவதும் ஒரே இரவிலே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அவர் பதினேழு வயதுப் பெண். மழையில் நாவற்குழிப் பக்கமாக மக்கள் வெள்ளத்தோடு நகர்ந்த அந்த இரவைப் பற்றி அவர் பேசுவது அரிது. சாவகச்சேரியில் ஒரு வீட்டுத் திண்ணையிலே பதினாறு பேருக்குப் பகிர்ந்த கஞ்சியைப் பற்றிப் பேசியிருக்கிறார். பொருளாதாரத் தடைக் காலத்திற் சீனி கிடைப்பதரிது. பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீரைக் குடிப்பார்கள். அந்தக் கைதான் இன்று கோப்பையில் மிஞ்சிய நான்கு பருக்கையை எறிய மறுக்கின்றது. தேநீரிலே இரண்டு கரண்டி சீனி இடும்போது அக்கைக்கு அது வெறும் சுவையன்று. கலோரிக் கணக்கோடு இதை வெல்லலாமென்று எண்ணிய நாம் வெட்கமடைந்தோம்.

நாட்டின் கதையும் ஏறக்குறைய இதுவே. 1953 ஆம் ஆண்டில் கொத்தரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது ஆகஸ்ட் 12 ஆம் திகதி ஹர்த்தால் மூண்டது. பிரதமர் டட்லி சேனாநாயக்க அவ்வாண்டிலேயே பதவி துறந்தார். 1970களின் முற்பகுதியிற் பாணுக்கு வரிசையில் நின்றதையும், மரவள்ளிக்கிழங்கே உணவாக இருந்ததையும் முதியோர் இன்னும் கூறுவர். அதன்பின் 1977இல் இறக்குமதிக் கதவு திறந்தது. 1980 ஆம் ஆண்டளவில் திருகோணமலையில் மாபெரும் மா ஆலை இயங்கத் தொடங்கியது. பாணும் பணிசும் விசுக்கோத்தும் பால்மாவும் சிற்றூர்க் கடை வரையிற் சென்றன. வடபகுதிக்கோ இவையெல்லாம் தடையின்றி வந்துசேர்ந்தது யுத்தம் முடிந்து ஏ-9 வீதி திறந்த பின்னரே. பிற இடங்களில் முப்பது ஆண்டில் மெல்ல மெல்ல நிகழ்ந்த மாற்றம் நம்மிடையே ஓரிரு ஆண்டில் வந்து குதித்தது.

பசி உடலிலும் ஓர் அடையாளத்தை விட்டுச் செல்வதுண்டு. 1944-45 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஜெர்மானியரின் முற்றுகையால் ஒல்லாந்தின் மேற்குப் பகுதியிற் கொடிய பஞ்சம் ஏற்பட்டது. அக்காலத்திற் கருவிலிருந்த ஆண் பிள்ளைகள் பத்தொன்பது வயதிற் படைச்சேவைக்காகப் பரிசோதிக்கப்பட்டபோது எழுதப்பட்ட குறிப்புகளைப் பின்னர் ஆராய்ந்தனர். மூன்று இலட்சம் பேரின் குறிப்புகள். கர்ப்பத்தின் முற்பாதியிற் பஞ்சத்தைக் கண்டவர்களிடையே கொழுத்த உடல் அதிகமாகக் காணப்பட்டது. தாய் பட்ட பட்டினியை மகனுடைய உடல் மறக்கவில்லைப் போலும்.

வேலை குறைந்ததாலா?

"அந்தக் காலத்திற் துலாவில் தண்ணீர் இறைத்தோம், கொழுப்பு எங்கே தங்கும்?" என்று அப்பு ஒருவர் நம்மிடம் கேட்டார். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. உழைப்பும் நடையும் இருதயத்திற்கும் இரத்தச் சீனிக்கும் மருந்து. எனினும் நிறை விஷயத்தில் அது மாத்திரம் காரணமென்று கொள்ளுவதற்கில்லை. தன்சானியா நாட்டிலே வேட்டையாடியும் கிழங்ககழ்ந்தும் வாழும் ஹட்சா மக்களின் நாளாந்தச் சக்திச் செலவை ஹேர்மன் பொன்ட்சர் என்பவர் தலைமையிலான குழுவினர் அளந்து 2012இல் வெளியிட்டனர். உடலின் பருமனுக்கேற்பச் சீர்செய்து பார்த்தபோது, நாள் முழுவதும் அலையும் அம்மக்களும், நாற்காலியிலிருந்து வேலை செய்யும் மேனாட்டவரும் செலவழித்த சக்தியில் வேற்றுமை காணப்படவில்லை! அதிக உழைப்பைக் கண்ட உடம்பு வேறெங்கோ சிக்கனம் பிடித்துக்கொள்கின்றதென்பது அவர்கள் கருத்து. ஆகவே, மாலையில் அரைமணி நேரம் நடந்துவிட்டுத் திரும்பும் வழியிற் கொத்து ரொட்டி வாங்கிவரும் கனவான்கள் எந்தப் பக்கம் நட்டமென்பதைத் தாமே கணித்துக்கொள்க.

முன்னோர் உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. குரக்கன் பிட்டு உண்டால் மெலியலாமென்று நம்புவோர் பலர். குரக்கனுக்கும் அரிசிக்கும் கலோரிக் கணக்கிற் பெரிய வேற்றுமையில்லை. அதிலே நார்ப்பொருளும் சுண்ணாம்புச் சத்தும் அதிகம், அவ்வளவே. தேங்காய்ப்பூவும் சீனியும் தாராளமாகக் கலந்த குரக்கன் பிட்டைவிட, கீரையோடும் மீனோடும் உண்ட அளவான சோறு எவ்வளவோ மேல்.

இதனால் நாம் சோற்றை முற்றாக விடுதலை செய்துவிட்டதாக எவரும் எண்ணலாகாது. 21 நாடுகளில் 132,373 பேரைத் தொடர்ந்து கவனித்து 2020 ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்றில், தீட்டிய வெள்ளரிசிச் சோறு நாளொன்றுக்கு 450 கிராமிற்கு மேல் உண்டோருக்கு நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகமென்று காணப்பட்டது. அந்த அதிகம் மிகக் கூடுதலாகத் தெரிந்தது தென்னாசியாவிலேயே. சின்னம்மாவின் பகற் கோப்பையை மகள் ஒருநாள் நிறுத்துப் பார்த்தாள். சோறு மாத்திரம் 480 கிராம்! கறியெல்லாம் சேர்ந்து அதிற் பாதியுமில்லை. சோறு மலைபோலவும் கறி அதன் அடிவாரத்திற் கிராமங்கள் போலவும் இருந்தன என்று அவள் கொப்பியில் எழுதிவைத்தாள். உயிரியல் படிப்பவளுக்கு இலக்கியமும் வருமென்பதை அன்றுதான் கண்டோம்.

கோப்பையைத் திருப்பியமை

செய்தது இதுதான். இராவிற் சோற்றை மீட்டுக் கொண்டுவந்தோம். கிறாக்கர் தகரம் அயலாருக்குப் போய்விட்டது. இரு வேளையும் கோப்பையில் முதலில் இடப்படுவது கீரையும் மரக்கறியும். அடுத்தது பருப்பு அல்லது மீன். எஞ்சிய இடத்திற் சோறு. அரிசி தவிடு நீக்காத சிவப்பரிசியாயிற்று. இளையவன் முதல் வாரம் முகம் சுளித்தான், அவனை வற்புறுத்தவில்லை. இராச் சாப்பாடு ஒன்பது மணியிலிருந்து ஏழு மணிக்கு வந்தது. தொலைக்காட்சித் தொடர்கதை காரணமாக இதற்குத்தான் பெரிய எதிர்ப்பு. சீனியை ஒரேயடியாக நிறுத்தவில்லை. இரண்டு கரண்டி ஒன்றரையாகி, ஒன்றாகி, மார்கழியில் அரையாயிற்று. தேநீர் ஐந்திலிருந்து மூன்றாயிற்று. விரதம் வழமைபோல நடந்தது. வடைச்சட்டி மாத்திரம் அடுப்பேறவில்லை.

கடைப்பொருளைப் பற்றியும் ஒரு குறிப்பு. மென்பானப் போத்தல்களிலே சீனியின் அளவைச் சிவப்பு, செம்மஞ்சள், பச்சை என நிறத்தாற் காட்டும் விதி 2016 ஆம் ஆண்டில் இந்நாட்டில் வந்தது. 2017 நவம்பரிற் சீனி கிராமொன்றுக்கு 50 சதம் வீதம் வரியும் விதித்தார்கள். இளையவனிடம் நாம் கேட்டுக்கொண்டது, வாங்குமுன் அந்த வட்டத்தின் நிறத்தைப் பார் என்பதொன்றே. பார்த்துவிட்டு அவன் சிவப்பையே வாங்கிய நாட்களும் உண்டு.

நிறை மளமளவென்று இறங்கவில்லை. முதல் மாதத்தில் ஒரு கிலோகிராம். தையில் விருந்துகளால் ஒன்றும் குறையவில்லை. பங்குனியில் அரைக் கிலோகிராம் திரும்பவும் ஏறியது. சின்னம்மா அன்று மறுபடியும் விதியைப் பற்றிப் பேசினார். சென்னையில் வைத்தியர் இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் செய்து 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியை அப்போது நாம் எடுத்துச் சொன்னோம். நீரிழிவின் விளிம்பில் நின்ற 531 பேரிடையே, உணவையும் நடையையும் சீர்செய்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 28.5 வீதம் குறைந்தது. அதுவும் அவர்களுடைய நிறை பெரிதும் குறையாமலே! முள் அசையாத மாதங்களிலும் உள்ளே ஏதோ நன்மை நடந்துகொண்டிருக்கலாமென்று கேட்டபோது அவருக்குச் சிறிது தெம்பு வந்தது. வைகாசியிற் செய்த இரத்தப் பரிசோதனையில் சீனி எல்லைக்கு இப்பால் வந்திருந்தது.

சென்ற வாரம் ஆடிப்பிறப்பு. கூழுக்குச் சின்னம்மா வீட்டிற்குச் சென்றிருந்தோம். அவர் நிறை இப்பொழுது 66 கிலோகிராம். சுட்டெண் இன்னும் 27ஐத் தாண்டித்தான் இருக்கின்றது; வைத்தியர் மருந்தெழுதவில்லை. எல்லோரும் உண்டு முடித்தபின் பார்த்தால், இளையவனின் கோப்பையிற் கொழுக்கட்டை ஒன்று கடித்தபடி கிடந்தது. சின்னம்மா அதைக் கையிலெடுத்தார். சற்று நேரம் வைத்துக்கொண்டு நின்றார். பின்னர் பின்வளவிற்குச் சென்று கோழிகளுக்குப் பிய்த்துப் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தார்.

"தம்பி, இன்னுமொரு சிரட்டை கூழ் விடட்டோ?" என்றார்.

நாம் சிரட்டையை நீட்டினோம்.